பிள்ளையின் முதுகு யாருடைய நம்பிக்கைக்கும் சொந்தமல்ல

2021 ஜூன் மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி அடித்ததில் உயிர் போய்விட்டது என்பது வழக்கு. கைதானவர்கள் அவனைப் பெற்ற தாயும், தாயுடன் பிறந்த இரண்டு பெண்களும். அதே ஆண்டின் கடைசியில் கேரளத்தின் கண்ணூரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் இறந்தாள். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் ஓதிய நீரைக் கொடுத்து வைத்திருந்ததாகத் தந்தையும் மதகுரு ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

ஒன்று இந்துக் குடும்பம், இன்னொன்று இஸ்லாமியக் குடும்பம். மொழி வேறு, மாநிலம் வேறு. நடந்தது ஒன்றுதான். நோயுற்ற ஒரு பிள்ளையின் உடலைச் சுற்றிப் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த உடலுக்குள் வேறு யாரோ இருப்பதாக முடிவு செய்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் அழுகை பிள்ளையின் அழுகையாக அவர்கள் காதில் விழுவதில்லை. 'பேய்தான் கத்துகிறது, விடாதே, இன்னும் அடி' என்கிறார்கள்.

பேயோட்டும் சடங்கின் கொடூரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேறு எந்த வன்முறையிலும் அடிபடுகிறவர் அழுதால், அடிப்பவரின் கை ஒரு கணமாவது தயங்கும். பேயோட்டும்போது அழுகையே சாட்சியாகிவிடுகிறது. அழுதால் பேய்க்கு வலிக்கிறது. அழாவிட்டால் பேய்க்குத் திமிர். திமிறினால் பேயின் பலம். மயங்கிச் சாய்ந்தால் பேய் இறங்கிவிட்டது. அந்தக் குழந்தை எதைச் செய்தால் அடி நிற்கும்? அடிப்பவன் சோர்ந்தால் மட்டுமே நிற்கும்.

இந்தச் செய்திகள் வரும்போது நாம் என்ன செய்கிறோம் தோழர்களே? 'மூடநம்பிக்கையின் உச்சம்' என்று ஒரு வரி எழுதிப் பகிர்கிறோம். இரண்டு நாள் கழித்து வேறு செய்தி வந்துவிடுகிறது. பெரியாரின் மண் என்று பெருமை பேசும் இந்த மாநிலத்தில், பேயோட்டுவதாகச் சொல்லி ஒரு குழந்தையைக் கட்டி வைப்பதையும் அடிப்பதையும் மிளகாய்ப் புகை போடுவதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மராட்டியத்தில் இருக்கிறது. நரேந்திர தபோல்கர் பல ஆண்டுகள் போராடியும் நிறைவேறாத சட்டம், 2013 ஆகஸ்ட் 20 அன்று அவரைச் சுட்டுக் கொன்ற சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் முதல் குற்றமே பேயோட்டும் வன்முறைதான். கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டுவது, கம்பாலோ சவுக்காலோ அடிப்பது, செருப்பு ஊறவைத்த நீரைக் குடிக்க வைப்பது, மிளகாய்ப் புகை போடுவது, முடியைப் பிடுங்குவது, சூடு வைப்பது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. கர்நாடகம் 2017இல் தனக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. குஜராத் 2024இல் கொண்டுவந்தது. ஆம், குஜராத்தான். சமூகநீதிக்கு நம்மிடம் பாடம் கேட்க வேண்டும் என்று நாம் சொல்கிற மாநிலம்.

'இருக்கிற சட்டம் போதாதா?' என்று கேட்பார்கள். போதுமா என்று பார்ப்போம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. பொறுப்பில் வைத்திருப்பவர் யார்? பெற்றோர். பூசாரியோ போதகரோ, 'நான் கூப்பிடவில்லை, அவர்கள்தான் கொண்டுவந்தார்கள்' என்று ஒதுங்குவதற்கு வாதாட இடம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95, மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பிள்ளையை மனநல மருத்துவர் பார்த்திருந்தால்தானே அவள் நோயாளியாவாள்? பூசாரி வீட்டுத் திண்ணையில் அவள் நோயாளி இல்லை, பேயின் வீடு.

இவற்றைவிட முக்கியமானது பாரதிய நியாய சங்கிதையின் பிரிவு 27, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 89. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரைக் காப்பதற்குத் தேவையான விதிதான். கொலைக்கும், நோய் தீர்க்கவோ உயிர் காக்கவோ அல்லாத கொடுங்காயத்துக்கும் அது பொருந்தாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் பிரம்படிக்கும் புகைக்கும் பட்டினிக்கும்? 'பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்தோம், அப்பா அம்மா ஒப்புக்கொண்டார்கள்' என்பதுதான் எல்லாப் பேயோட்டிகளும் சொல்லும் பதில். உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் செய்ததாகாது என்று அதே சட்டம் வரையறுக்கிறது. அந்த வரையறையைச் சுட்டிக்காட்டி வழக்கு நடத்த, முதலில் வழக்கு பதிவாக வேண்டும். குடும்பமே கொண்டுபோய் உட்கார வைத்த பிள்ளைக்காகப் புகார் கொடுப்பது யார்?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது. ஒரு பெரியவர் தன் நம்பிக்கைக்காக அலகு குத்திக்கொள்ளலாம், தீ மிதிக்கலாம். அதையும் நாம் விமர்சிப்போம். ஆனால் அது அவர் உடல். 9 வயதுப் பிள்ளையின் முதுகு அவருடைய உடல் அல்ல. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரமே பொது ஒழுங்குக்கும் ஒழுக்கநெறிக்கும் உடல்நலத்துக்கும் உட்பட்டதுதான். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, குழந்தைகளின் உடல்நலத்துக்குக் கேடான மரபுவழிப் பழக்கங்களை ஒழிப்பது அரசின் கடமை என்கிறது. ஒழிப்பது என்றுதான் அதில் இருக்கிறது.

இனி சாதிக்கு வருவோம். 'இதில் சாதி எங்கே வந்தது?' என்பவர்கள் ஊரில் பேய் பிடித்தவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். உடுக்கை அடிக்கிறவர் முதலில் கேட்பது 'நீ யாரு? எந்த ஊரு? எந்தத் தெரு?' என்பதுதான். பேய்க்கும் தெரு உண்டு. பெரும்பாலும் அது ஊருக்குள் இருக்கும் தெருவாக இருப்பதில்லை.

நம் ஊர்ப் பேய்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவள், நிறைமாதத்தில் செத்தவள், தண்டவாளத்தில் கிடந்தவன், சாதி மாறிக் காதலித்ததற்காக வெட்டப்பட்டவன். ஊர் நீதி வழங்காமல் புதைத்துவிட்ட சாவுகளைத்தான் ஊர் பேய் என்று பயப்படுகிறது. அந்தப் பயத்துக்கான கணக்கைக் கொலை செய்தவனிடம் யாரும் கேட்பதில்லை. நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 13 வயதுப் பெண்ணின் உச்சிமுடியைப் பிடித்து, புளியமரத்தில் ஆணி அடித்துத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

பதின்வயதுப் பெண் சேரிப் பையனை விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதலில் சொல்வது என்ன? 'அவன் ஏதோ வசியம் பண்ணிட்டான், மருந்து வெச்சுட்டான்.' உடனே மருந்து எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். எதையோ குடிக்கவைத்து, குடலே வெளியே வருமளவுக்கு வாந்தி எடுக்கவைத்து, வாந்தியில் கிடந்த ஒரு துணுக்கைக் காட்டி 'பாத்தியா, இதுதான்' என்பார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்க முடியும் என்பதை அந்தக் குடும்பத்தால் ஏற்க முடியவில்லை. ஆகவே விருப்பம் நோயாகிறது, அவன் சூனியக்காரன் ஆகிறான். அகமணமுறைதான் சாதியைக் காக்கிறது என்றார் அம்பேத்கர். அந்த முறையைக் காக்க அரிவாளுக்கு முன்பே பல வீடுகளில் வேப்பிலை வேலை செய்கிறது. நாம் அரிவாளைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

வயதுக்கு வந்த பெண்ணைத் தனிக் குடிசையில் உட்காரவைத்துக் கையில் இரும்பைக் கொடுத்து, 'இந்த நேரத்துல காத்து கருப்பு அண்டும்' என்று சொல்லி வளர்க்கிறோம். உன் உடல் தீட்டு, அதற்குள் எது வேண்டுமானாலும் புகுந்துகொள்ளும் என்று 12 வயதில் சொல்லிக் கொடுத்துவிட்டு, 14 வயதில் அவள் உடலுக்குள் ஏதோ புகுந்துவிட்டதாக நடுங்கும்போது ஆச்சரியப்படுகிறோம்.

என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்த ஒருத்தி திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தினாள். வகுப்பில் அடிக்கடி மயங்கி விழுந்தாள். வேறு குரலில் பேசினாள். ஏழு வெள்ளிக்கிழமை அவளை ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். எட்டாவது வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது பேச்சு அங்கே போனது. 'அந்த வருசம் எனக்கு என்ன ஆச்சுன்னு எங்க வீட்ல ஒருத்தரும் கேக்கல. பூசாரிதான் கேட்டான். அவனும் பேயைத்தான் கேட்டான்' என்றாள். வீட்டில் தங்கியிருந்த ஒரு உறவுக்காரரைப் பற்றி அதற்குமேல் அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாக் கதையும் இப்படி இருக்காது. வலிப்பு நோயாக இருக்கலாம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு அது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பின்றி வாழ முடியும். அதற்கான மாத்திரை விலை உயர்ந்ததும் அல்ல. மூளை அழற்சியாக இருக்கலாம். நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென உளறுவதும், கை கால் முறுக்குவதும், இல்லாததைக் கண்டு அலறுவதும் அதன் அறிகுறிகள். நேரத்தில் சிகிச்சை கொடுத்தால் மீளக்கூடிய வகைகள் அதில் உண்டு, ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து. ஆட்டிசமாக இருக்கலாம். தாங்க முடியாத அச்சத்தில் மனம் தன்னை மறந்துபோகிற நிலையாக இருக்கலாம். இதில் எதையும் பிரம்பால் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே எதிர்த்தரப்பிலிருந்து வரும் மூன்று வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றுமே நம் நண்பர்கள் வட்டத்திலிருந்தே வருபவை.

ஒன்று, 'ஏழை மக்கள் வேறு எங்கே போவார்கள்?' உண்மையான கேள்வி. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். பூசாரி பக்கத்துத் தெருவில் இருக்கிறார், இரவிலும் கதவைத் திறப்பார், குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசுவார். ஆகவே அந்தத் தாயைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவு ஆகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான மனநலச் சேவை வேண்டும் என்று அரசிடம் சண்டை போடுவதுதான். 'ஏழைப் பிள்ளைக்குப் பிரம்பு போதும்' என்பது விடை ஆகாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஸ்கேன், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் நாட்டார் மருத்துவமா?

இரண்டு, 'இது நாட்டார் மரபு, ஒடுக்கப்பட்டோரின் பண்பாடு. இதை எதிர்ப்பது மேட்டிமைத்தனம்.' கருத்தரங்குகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காத்தவராயனையும் மதுரை வீரனையும் சாதியை எதிர்த்து மாண்டவர்களாக நினைவுகூர்வது வேறு. அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு சிறுமியின் மயிரைப் பிடித்து இழுப்பது வேறு. நிலமும் கல்வியும் பறிக்கப்பட்டதால் நம் மக்கள் மேல் படிந்துபோன துயரத்தையெல்லாம் 'எங்கள் பண்பாடு' என்று கொண்டாட ஆரம்பித்தால், மலம் அள்ளியதையும் கொண்டாட வேண்டியிருக்கும். அம்பேத்கர் செத்த மாட்டை இழுக்காதே என்றார். அதைப் பண்பாடு என்று காக்கச் சொல்லவில்லை.

பண்பாடு என்று சொல்லி ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. ஐவரி கோஸ்ட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி 2000 பிப்ரவரி 25 அன்று அங்கே இறந்தாள். வளர்ப்பதாகக் கூட்டிவந்த உறவுக்காரப் பெண்ணும் அவளுடைய துணைவனும் மாதக்கணக்கில் சித்திரவதை செய்திருந்தார்கள். உடலில் 128 காயங்கள். அவளுக்குள் தீய ஆவி இருப்பதாகத் தேவாலயப் போதகர்களும் சொல்லியிருந்தார்கள். சமூகநலத் துறை, மருத்துவமனை, காவல்துறை எல்லாம் அவளைப் பார்த்திருந்தன. காப்பாற்ற 12 வாய்ப்புகளாவது இருந்தன என்று பின்னால் நடந்த லேமிங் விசாரணை கண்டறிந்தது. பெரியவர்கள் முன்னால் அவள் விறைத்து நின்றதைக்கூட, அது கருப்பினக் குடும்பங்களின் மரியாதைப் பழக்கம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பயத்தில் நின்றாள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பிரிட்டன் 2004இல் குழந்தைகள் சட்டத்தை மாற்றியது. பயத்தைப் பண்பாடாகப் படித்ததும் அவளைக் காப்பாற்றத் தவறிய காரணங்களில் ஒன்று.

மூன்று, 'நீங்கள் இந்துக் கோயில்களை மட்டும்தான் கேட்பீர்கள்.' இல்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, தர்காவை நம்பிக் கொண்டுவந்து தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துப் பிசாசைத் துரத்தும் எழுப்புதல் கூட்டங்களில் பிள்ளைகளைத் தள்ளி விழ வைப்பதையும் பார்க்கிறோம். குளிரூட்டிய அறையில் கட்டணம் வாங்கிக்கொண்டு 'எதிர்மறை ஆற்றலை' எடுக்கும் நகரத்துக் குருக்களும் இதே தொழில்தான் செய்கிறார்கள். நாம் கேட்கிற சட்டம் வேப்பிலைக்கும் மயிலிறகுக்கும் ஜெபத்துக்கும் ஒன்றுதான். கை ஓங்கினால் குற்றம். மருத்துவத்தைத் தடுத்தால் குற்றம். கட்டி வைத்தால் குற்றம். வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறவரை எந்தச் சட்டமும் தொடப் போவதில்லை.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். தமிழ்நாட்டுக்கு மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் பாதிக்கப்பட்டால் பெற்றோரின் சம்மதம் தற்காப்பு வாதமாக ஏற்கப்படாது என்ற பிரிவு அதில் இருக்க வேண்டும். பேயோட்டியவருக்கு நேரடிப் பொறுப்பு வேண்டும். பள்ளி ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் தகவல் தர வேண்டியது கடமையாக்கப்பட வேண்டும், தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். சட்டத்தோடு சேர்த்து வட்டார அளவில் மருத்துவமும் ஆற்றுப்படுத்துநரும் வேண்டும். தாயைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை விடுதியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அரசு கணக்கு முடிக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தெருவில் ஒரு பிள்ளையைப் பேயோட்டக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தால் 1098க்குப் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் அது, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுக்கலாம். பேயோட்டுகிறேன் என்று பிள்ளையைத் தொடக் கூடாத இடத்தில் தொட்டதாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி புகார் கொடுப்பது உங்கள் கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. குடும்பத்திடம் சண்டைக்குப் போகாமல், 'பூசாரிகிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட போலாம்க்கா, நானும் வரேன்' என்று கூடப் போகிறவராக இருங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பேயாடும் பெண்ணைப் படம் பிடித்து, சிரிப்பு இசை சேர்த்துப் பகுத்தறிவுப் பக்கம் என்ற பெயரில் போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெண் நாளை பள்ளிக்குப் போக வேண்டும். பூசாரி அவளை ஏழு வெள்ளிக்கிழமை அவமானப்படுத்தினான், நீங்கள் காலத்துக்கும் அவமானப்படுத்துகிறீர்கள். முதலில் அதை நீக்குங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அவளிடமே, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க யாராவது போயிருக்கிறார்களா என்று பாருங்கள். யாரும் போகவில்லை என்றால் நீங்கள் போங்கள்.